பனி இருக்குமா அக்கா

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும்,
பெங்களூர், ஈரோடு, எங்கெங்கிருந்தோ
இன்பாக்சில் ஒரே கேள்வி வந்து விழும்:
"நாளைக்கு மேல பனி இருக்குமா அக்கா?"

நான் இருப்பது கீழே, அஸ்தம்பட்டியில்,
மொட்டைமாடித் தகரத்துக்கு அடியில் ஒற்றை அறை.
ஃபேன் ஐந்தில் சுற்றியும் நைட்டி முதுகோடு ஒட்டுகிறது.
இங்கே உட்கார்ந்துதான்
ஐப்பசிப் பனியைச் சித்திரையில் பதிவேற்றுகிறேன்.
'இன்று காலை' என்று எழுத மாட்டேன்.
'காலை' என்று மட்டும் எழுதுவேன்.
அவ்வளவுதான் என் நேர்மை.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக்கடை மாதம் பிறந்தால் ஜிபே.
தட்டுவடை செட் கடையில் பாதி பணம், பாதி தட்டுவடை
(பீட்ரூட் சாயம் இறங்குமுன் எடுத்தாக வேண்டும்,
நாலு நிமிடம் கெடு).
ஏற்காட்டு ரிசார்ட் பெனடிக்ட் சார் மட்டும்
"கொலாப் பண்ணலாம்மா" என்பார்.
கொலாப் என்றால்
ஆள் வராத செவ்வாய்க்கிழமையில் ஒரு ராத்திரி அறை,
காலையில் பூரி.
பூரியைக் கொடுத்தால் பெட்ரோல் போடுவார்களா என்று
கேட்டதில்லை. பூரி நன்றாகத்தான் இருந்தது.

தை கடைசியில் ஒருநாள் நிஜப் பனி.
இருட்டிலேயே அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி,
ட்ரைபாட் கால்களுக்கிடையே,
பதினாலாவது கொண்டை ஊசியில் ஸ்கூட்டர் இருமி,
மேலே போனால் ஏரியைக் காணோம்.
சில்வர் ஓக் மரங்கள் பாதிவரை மட்டும் இருந்தன.
ஒரு பெஞ்ச். இருவர். ஒரே சால்வை.
டீ டம்ளரை அவள் கையில் வைத்து
அதன்மேல் தன் கைகளை மூடியிருந்தான் அவன்.
முகம் தெரியாது என்று நினைத்தேன்.
எடுத்தேன். கேட்கவில்லை.

அன்றிரவே பதினோராயிரம் இதயங்கள்.
பெனடிக்ட் சார் முதல்தடவையாகத் தொகை சொன்னார்:
நாலாயிரம். பேனருக்கு. ஐந்து ரோடு பாலத்தருகே.

இரண்டேகால் மணிக்கு, பூனைப்படம் வைத்த ஒரு கணக்கு:
"அக்கா அந்தச் சால்வ எங்கம்மா பின்னினது.
வீட்ல பாத்தா தெரிஞ்சிரும்.
அன்னைக்கு ஹாஸ்டல்ல இருந்தேன்னு சொல்லிருக்கேன்.
அவன் எங்க ஆளுங்க இல்லக்கா."

நீக்கிவிட்டேன்.
அதற்குள் மூன்று பக்கங்கள் சுட்டிருந்தன.
எழுதிக் கேட்டேன். இரண்டு பேர் எடுத்தார்கள்.
மூன்றாமவர், "கிரெடிட் போட்டிருக்கோமே சிஸ்டர்" என்றார்.

பேனர் விடிந்தால் அச்சுக்குப் போக வேண்டும்.
பகோடா பாயிண்டில் போன வருடம் எடுத்த
வெறும் வெள்ளைப் பனி ஒன்று ஹார்ட் டிஸ்கில் கிடந்தது.
அதை எடுத்து மேலே விரித்தேன்.
பிரஷ் பன்னிரண்டு சதவீதம்.
முதலில் சால்வை. பிறகு தோள்கள்.
அவள் நெற்றியில் விழுந்திருந்த ஒரு முடிக்கற்றை.
டம்ளரைக் கடைசியில்தான் மூடினேன்.
எத்தனையோ பேரை மலைக்கு வரவழைத்த பனி.
அன்று இரண்டு பேரை அங்கிருந்து இறக்கி அனுப்பியது.

"கப்பிள் ஃபீல் போச்சேம்மா" என்றார் பெனடிக்ட்.
ஆயிரத்தைந்நூறு குறைத்துக்கொண்டார்.
அவளுக்குப் படத்தை அனுப்பினேன்.
"தேங்க்ஸ்க்கா", கூப்பிய கைகள் இரண்டு.

பேனர் ஏறிய அன்று சிக்னலில் நின்றேன்.
இருபதடி உயரத்தில் ஈர பெஞ்ச், பனி, ரிசார்ட் நம்பர்.
பெஞ்சுக்குக் கீழே
ஜோடி ஜோடியாக நாலு செருப்புகள்.
லேப்டாப் திரையில் அவை கண்ணில் படவேயில்லை.

டவுன் பஸ், கம்பி ஏற்றிய வேன், கொய்யாக்காய்த் தள்ளுவண்டி.
யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.
பச்சை விழுந்தது.
பின்னாலிருந்த மினிலாரி விடாமல் ஹார்ன் அடித்தது.

ராத்திரி அந்தப் பூனையைத் தேடினேன்.
'இந்தப் பெயரில் எவரும் இல்லை' என்று வந்தது.
அதற்குக் கீழேயே
வேறு யாரோ:
"சனிக்கிழமை வர்றோம். பனி இருக்குமா அக்கா?"
இன்னும் பதில் போடவில்லை.